சுருங்கிவரும் குடியுரிமை வாசல்

1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை குடியுரிமை குறித்து விவாதித்தது. வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாத இந்துக்களும் சீக்கியர்களும், எங்கு வாழ்ந்தாலும், இந்தியக் குடியுரிமைக்குத் தகுதியுடையவர்கள் என்று பி.எஸ்.தேஷ்முக் திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. 1955ன் குடியுரிமைச் சட்டமும் மதத்தைக் கேட்கவில்லை. அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 1950 ஜனவரி 26 முதல் இந்திய மண்ணில் பிறந்த எவரும் இந்தியக் குடிமக்களே என்றது.

அந்த வாசல் இருமுறை சுருக்கப்பட்டது. ராஜீவ் காந்தி ஆட்சியின் 1986 திருத்தத்தின்படி, 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். வாஜ்பாய் ஆட்சியின் 2003 திருத்தம் இன்னும் கொடியது. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்குத் தாய் இந்தியக் குடிமகளாகவே இருந்தாலும், தந்தை ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால் குடியுரிமை கிடையாது. அவ்வாறு முத்திரை குத்தப்பட்டவர்கள் பதிவின் மூலமோ, நீண்டகாலம் வசித்ததைக் காட்டியோ குடியுரிமை கோரவும் வழியில்லை. குடிமக்கள் தேசியப் பதிவேட்டுக்கும் இதே திருத்தமே சட்ட அடித்தளம் இட்டது.

இதன் சுமை யார் தோளில் விழுகிறது? வீட்டில் பிரசவம் பார்க்கப்பட்டு, பிறப்பே பதிவாகாத விவசாயத் தொழிலாளர்கள், ஆதிவாசிகள், ஆண்டுதோறும் பிழைப்புக்காக ஊர் மாறும் புலம்பெயர் தொழிலாளர்கள் ஆகியோரின் தோளில்தான். 2025ல் பீகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2003 பட்டியலில் இல்லாதவர்களைத் தேர்தல் ஆணையம் இந்தத் தேதிகளைக் கொண்டே மூன்றாகப் பிரித்தது. 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த இளைஞர், தன் ஆவணத்தோடு தாய், தந்தை இருவரின் ஆவணங்களையும் காட்ட வேண்டும் என்றது. இவ்வாறு குடியுரிமைச் சட்டத்தின் தேதிகள் வாக்குரிமையின் வாசலுக்கும் வந்து சேர்ந்தன. அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான பதிவேடு 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியே நிறுத்தியதை நாடு மறந்துவிடவில்லை.

உழைக்கும் மக்களிடம் தாள் கேட்கும் அரசு, தேஷ்முக்கின் தோற்றுப்போன கருத்துக்கு 2019ல் சட்ட வடிவம் தந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தினருக்கு மட்டும், தேவைப்படும் வசிப்புக் காலம் 11 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கு அதில் இடமில்லை. மியான்மரின் ரோஹிங்யாக்களுக்கும் இல்லை. இலங்கைத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்றபோதிலும் அவர்களுக்கும் இல்லை. 1987க்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், பிறந்த மண்ணிலேயே அந்நியர்களாக வாழ்கிறார்கள்.

மதத்தைப் பார்க்கும் 2019 திருத்தம் ரத்து செய்யப்பட வேண்டும். பெற்றோரின் தாள்களைக் கொண்டு குழந்தையைத் தண்டிக்கும் 2003 திருத்தம் நீக்கப்பட வேண்டும். மத வேறுபாடு பாராத அகதிகள் சட்டம் இயற்றப்பட வேண்டும். இந்த மண்ணில் பிறந்ததே போதும் என்று 1955ல் குடியரசு தந்த உறுதிமொழியை மீட்பது ஜனநாயக சக்திகளின் உடனடிக் கடமையாகும்.