அஞ்சு நிமிஷ வேலைக்கு எவ்வளவு கேட்கலாம்?

போன வாரம் பழைய வங்கி நண்பர் ஒருவர் போன் செய்தார். அவருடைய பேரன் டிப்ளமோ முடித்துவிட்டு, கடைகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையைச் சொந்தமாக ஆரம்பித்திருக்கிறானாம். “நீ ரிட்டயர் ஆனதும் கொஞ்ச நாள் இதெல்லாம் செஞ்சியே, ஒரு தடவை போனா எவ்வளவு கேக்கலாம்னு பையனுக்குச் சொல்லேன்” என்றார். சாயங்காலம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். விலை சொல்வதற்கு முன்னால் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு.

வங்கியில் கடைசிச் சில வருஷங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு மதுரை கீழமாசி வீதியில் தெரிந்த சில மொத்த வியாபாரக் கடைகளுக்குப் போய்வர ஆரம்பித்தேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த சமயம் அது. அதுவரை சிட்டை, பேரேடு என்று கையால் எழுதிக்கொண்டிருந்த கடைகளும் கம்ப்யூட்டர் வாங்கின. பிரிண்டர் ஓடவில்லை, டேலி திறக்கவில்லை, இன்டர்நெட் வரவில்லை என்று தினமும் இரண்டு போனாவது வரும். “எவ்வளவு சார்?” என்று கேட்டால், “கொடுக்கிறதைக் கொடுங்க அண்ணாச்சி” என்பேன். நூறு ரூபாய் கிடைக்கும். சில இடங்களில் காபியும் ஒரு பொட்டலம் ஏலக்காயும். பென்ஷன் வருகிறது, பொழுது போகிறது, நாலு பேருக்கு உதவியாக இருக்கிறோம் என்ற நினைப்பு. கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு மாதம் 19ஆம் தேதி சாயங்காலம் ஒரு கடையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். மறுநாள் 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. நாலு மாதக் கணக்கு அதற்குள். “ஒரு வெளி டிஸ்க் வாங்கி வாராவாரம் காப்பி எடுத்து வைங்க” என்று நான் மூன்று தடவை சொல்லியிருந்தேன். “ஆகட்டும் சார்” என்று சொன்னதோடு சரி. நூறு ரூபாய்க்கு வருபவர் சொன்ன யோசனைக்கு நூறு ரூபாய் மதிப்புத்தான். கணக்குப் பிள்ளையும் நானும் பில் புத்தகங்களை வைத்துக்கொண்டு நாலு ராத்திரி உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். தாமதக் கட்டணம் நாளுக்கு ஐம்பது ரூபாய், வரிக்கு வட்டி தனி. அண்ணாச்சிக்கு என்மேல்தான் வருத்தம். “நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்தேன் சார்” என்றார். என்னென்ன பார்த்துக்கொள்வேன், எதற்கு நான் பொறுப்பில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. விலை பேசாத இடத்தில் பொறுப்பும் பேசப்படுவதில்லை.

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு தம்பி சின்னதாக சர்வீஸ் கடை வைத்திருந்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தை. ஒருநாள் மவுஸ் வாங்கப் போனபோது தயங்கித் தயங்கிச் சொன்னான்: “சார், தப்பா நினைச்சுக்காதீங்க. பேங்க் சாரே நூறு ரூபாய்க்கு வர்றாரு, உனக்கு எதுக்கு முந்நூறுன்னு கடைக்காரங்க கேக்குறாங்க. உங்களுக்குப் பென்ஷன் இருக்கு சார்.” எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான் தர்மம் என்று நினைத்துச் செய்தது, அவன் வீட்டு அரிசியில் கை வைத்திருக்கிறது. ஆறு மாதத்தில் அவன் கடையை மூடிவிட்டுக் கூரியர் வேலைக்குப் போனான். அதற்கு நான் ஒருவனே காரணம் இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் நானும் ஒரு காரணம்.

சரி, நியாயமான விலை எது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பையனுக்கு வீட்டுச் செலவு மாதம் 20,000. கடை வாடகை 5,000. பெட்ரோல் 3,000. போன், இன்டர்நெட், கருவிகள் 2,000. மொத்தம் 30,000. மாதம் 25 நாள் வேலை என்றால் நாளுக்கு 1,200. காலை முதல் இரவு வரை அலைந்தாலும் காசு வரும் வேலை நாளுக்கு மூன்றுதான் தேறும். மற்ற நேரம் போக்குவரத்திலும், உதிரி பாகம் தேடுவதிலும், போனில் சும்மா யோசனை சொல்வதிலும் போய்விடும். ஆக, ஒரு தடவைக்கு 400 வாங்கினால்தான் கையைக் கடிக்காது. காய்ச்சலில் படுத்தால், பொங்கலுக்கு நாலு நாள் கடை மூடினால், குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினால்? அதற்கு இன்னொரு நூறு. ஐந்நூறு ரூபாய் பேராசை அல்ல. ஊருக்கு ஊர் வாடகையும் செலவும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இதைவிட நல்ல வழி வருஷ ஒப்பந்தம். வங்கியில் ஏ.எம்.சி. பில்லை நானே எத்தனையோ முறை பாஸ் செய்திருக்கிறேன். சில காலாண்டில் எதுவும் பழுதாகாது. அப்போதும் பணம் கொடுத்தோம். கூப்பிட்டால் வருவார்கள் என்பதற்கான பணம் அது. வெளியே வந்ததும் அதை நான் எப்படி மறந்தேனோ! மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் உள்ள கடைக்கு மாதம் ஒரு தடவை வழக்கமாகப் போவது, வருஷத்தில் ஆறு அவசர அழைப்பு என்று வைத்தால் 18 தடவை. 9,000 ரூபாய். கடைக்காரருக்கு மாதம் 750. இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தடவைக்கு இவ்வளவு என்றால் பழுதானால்தான் பையனுக்கு வருமானம். ஒப்பந்தம் என்றால் பழுதாகாமல் இருந்தால்தான் அவனுக்கு லாபம். காப்பி எடுத்தார்களா என்று அவனே வந்து பார்ப்பான்.

சாயங்காலம் பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். கிளம்புவதற்கு முன்பே போனில் விலையைச் சொல்லிவிடு. என்ன அடக்கம், என்ன அடக்கமில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. உதிரி பாகத்துக்கு வாங்கிய பில்லைக் காட்டு. உன் லாபத்தை அதில் ஒளிக்காதே. போன டேட்டாவை மீட்டுத் தருகிறேன் என்று சத்தியம் செய்யாதே. கள்ள சாஃப்ட்வேர் ஏற்றச் சொன்னால் மாட்டேன் என்று சொல். யாருக்காவது உதவ வேண்டுமென்றால் முழுக்க இலவசமாகச் செய், ஆனால் பில்லில் ஐந்நூறு என்று எழுதிக் கழிவு ஐந்நூறு என்று போடு. அரை விலைக்கு மட்டும் போகாதே.

“சின்னக் கடைக்காரங்க தருவாங்களா தாத்தா?” என்று கேட்டான். ஏ.சி. மெக்கானிக் வந்து பார்ப்பதற்கே அவர்கள் பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள். கடைக்குள் குளிர் இல்லாவிட்டால் வேர்க்கும், அவ்வளவுதான். கணக்கு இல்லாவிட்டால் கடையே ஓடாது. சொல்கிற விதத்தில் சொன்னால் தருவார்கள். தராதவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள். அவர்களை விட்டுவிடுவது நல்லது.

நான் இப்போது கடைகளுக்குப் போவதில்லை. எங்கள் குடியிருப்பில் உள்ள வயதானவர்களுக்கு மட்டும், இலவசமாக. கடைக்காரர்கள் கூப்பிட்டால் தொழிலாகச் செய்யும் பையன்களின் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன்.

இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கோ கடைக்கோ ஒரு பையன் வந்து கம்ப்யூட்டரைச் சரிசெய்தால், “அஞ்சு நிமிஷ வேலைதானே தம்பி” என்று சொல்லாதீர்கள். அந்தப் பேச்சை நானும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். அவனுக்கு வராது.