யாரிடம் ஓதுகிறோம்?



சுபஹ் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் பத்துப் பதினைந்து பயான் துண்டுகள் வந்து விழுந்துவிடுகின்றன. பண்டாரவளைக் குளிருக்குப் போர்வைக்குள் இருந்தபடியே இரண்டைக் கேட்டால் அன்றைய மார்க்கம் முடிந்தது. பேசுபவர் யார், யாரிடம் ஓதினார் என்று நாம் கேட்பதில்லை. சந்தையில் மட்டும் வெலிமடைக் கிழங்கா, இறக்குமதிக் கிழங்கா என்று விசாரிக்காமல் ஒரு கிலோ வாங்கமாட்டோம்.

இது சின்ன விஷயமல்ல. 2019 ஏப்ரல் 21 ஐ நாம் மறக்க முடியாது. ஸஹ்ரான், ஓதிய அரபுக் கல்லூரியிலிருந்து இடையில் வெளியேற்றப்பட்டவர். காத்தான்குடியில் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்த முஸ்லிம்களே அவரை எதிர்த்தார்கள், முறைப்பாடும் செய்தார்கள். 2017 மார்ச்சில் அங்கு நடந்த மோதலுக்குப் பிறகு ஆள் தலைமறைவானார். ஆனால் காணொளிகள் தலைமறைவாகவில்லை. ஊரில் இருந்தவர்களுக்கு ஆளைத் தெரிந்தது, திரையில் பார்த்தவர்களுக்குக் குரல் மட்டுமே தெரிந்தது. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பிறகு பஸ்ஸில் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதை எழுதத் தேவையில்லை.

எல்லாப் பயானும் அப்படி என்று சொல்லவரவில்லை. பெரும்பாலானவை நல்ல பேச்சுக்கள்தான். ஆனாலும் இமாம் முஸ்லிம் தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே, யாரிடமிருந்து செய்தியை எடுக்கலாம், யாரிடம் எடுக்கக்கூடாது என்றுதான் பேசுகிறார். சீனா வரை போயாவது கல்வி தேடச் சொல்லும் வாசகம் பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் இன்னமும் நபிமொழியாகவே ஒலிக்கிறது. ஹதீஸ் அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்றும், சிலர் இட்டுக்கட்டப்பட்டது என்றும் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

நம் பள்ளி ஹஸரத்தின் பேச்சு அந்தக் காணொளிகள் போல விறுவிறுப்பாக இருக்காதுதான். ஆனால் அவர் கடையில் எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்கிறார், வீட்டாரோடு எப்படி நடக்கிறார் என்று நமக்குத் தெரியும். "இது எந்தக் கிதாபில் இருக்கு ஹஸரத்?" என்று கேட்டால் சில நேரம், "பார்த்துச் சொல்றேன்" என்பார். அந்த ஒரு பதிலை எந்தக் காணொளியிலும் நாம் கேட்டதில்லை.

சரி, பள்ளிக்கு வராத நம் தாய்மாரும் சகோதரிகளும் என்ன செய்வார்கள்? தோட்டப் பக்கம் ஒன்றிரண்டு வீடுகளாக இருக்கும் குடும்பங்கள்? முன்பு அவர்களுக்கு இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை இருந்தது. இன்று ஃபோன்தான். அவர்களுக்கு ஒரு வகுப்பும் வைக்காமல் "ஃபோனைப் பார்க்காதே" என்று மட்டும் சொல்வது நியாயமே இல்லை. பள்ளி நிர்வாகங்கள் மினாராவுக்குப் பெயின்ட் அடிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டலாம். வாரம் ஒரு நாள் பெண்களுக்கு ஒரு பாடம் வைக்கலாம். ஹஸரத்தின் பாடத்தைப் பதிவுசெய்து அதே வாட்ஸ்அப் குழுவில் போடலாம். கேள்விகளை எழுதி அனுப்பவும் வழி வேண்டும்.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு நாங்கள் சிலர் இதை நிர்வாகத்திடம் கேட்க இருக்கிறோம். முடிந்தவர்கள் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள், இன்ஷா அல்லாஹ்.