ஒடுங்கிய பாதத்தின் வழக்கு

காலணிக் கடையில் நின்று, "நீளம் சரியாக இருக்கிறது, ஆனால் நடந்தால் குதிகால் கழன்று வருகிறது" என்று முறையிடுகிறவருக்கு, கடைக்காரரும், துணைக்கு வந்த உறவினரும், பக்கத்தில் தம் பிள்ளைக்கு ஷூ பார்த்துக்கொண்டிருப்பவரும் ஏகமனதாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. "ஒல்லிக் காலுக்கு என்ன கஷ்டம்? அகலக் காலுக்குத்தான் ஷூ கிடைக்காது. ஒரு நம்பர் குறைத்து வாங்குங்கள், இல்லையென்றால் உள்ளே ஓர் அட்டை போட்டுக்கொள்ளுங்கள், போகப் போகச் சரியாகிவிடும்" என்பார்கள். களம்பூரில் வளர்ந்து, ஒடுங்கிய பாதத்தோடு நெடுங்காலம் நடந்தவன் என்ற உரிமையில், இந்தச் சமாதானத்தின் ஒவ்வோர் அங்கமும் பிழையானது என்று நிரூபிக்க முற்படுகிறேன். நம் தேசத்துக்கென்று ஒரு புதிய காலணி அளவு உருவாகிவரும் சமயமாதலால், இதை இப்போதே சொல்லியாக வேண்டும்.

கஷ்டமே இல்லை என்பது முதல் வாதம். எங்கள் பக்கத்தில் இந்த அபிப்பிராயம் வேரூன்றியதற்குக் காரணம் இருக்கிறது. குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்கிறவர், குழிக்குள் கால்களை இறக்கி, வெறும் பாதத்தால் பலகையை மாற்றி மாற்றி மிதித்தே ஆயுளைக் கழித்துவிடுகிறார். அரிசி ஆலைக் களத்தில் நெல் காய வைக்கிறவருக்கும் வெறுங்காலே வழக்கம். வீதிக்கு வந்தால் ஒரு ரப்பர் செருப்பு போதும். இவர்களுக்குப் பாதத்தின் அகலம் ஒரு பிரச்சினையாக எழவேயில்லை. ஆனால் இவர்களுடைய மக்கள் நர்ஸாகவும் காவலராகவும் கம்பெனி ஊழியராகவும் நாள் முழுதும் மூடிய ஷூவிலே நிற்க வேண்டியவர்களாகிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் கறுப்பு ஷூவை வாங்கிப் பார்த்தேன். குதிகால் உரசும் இடத்தில் உள்துணி தேய்ந்து கிழிந்து, அதன் பின்னாலிருந்த விறைப்பு அட்டை வெளியே தெரிந்தது. பெருவிரல் முட்டும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பக்கவாட்டுத் தோல் மட்டும் பாதம் தீண்டியதற்கான சுருக்கம்கூட இல்லாமல் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது. அந்தப் பாதம் ஷூவுக்குள் நிலைகொள்ளாமல் ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் ஓடியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை.

இறுக்கம் மாத்திரமே காலைக் கெடுக்கும், தளர்ச்சி ஒன்றும் செய்யாது என்று எண்ணுகிறவர்கள், எங்கள் ஊரில் இருக்கும் ஆரணி ரோடு ஸ்டேஷனில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் சரித்திரத்தைக் கேட்டறியலாம். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, பின்னர் கரிகிரியிலும் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதத்தில் உண்டாகும் ஆறாப் புண்களுக்கு நோய் மாமிசத்தைத் தின்பது காரணமல்ல என்றும், உணர்ச்சியற்ற தோலின்மேல் அழுத்தமும் உராய்வும் இடைவிடாமல் விழுவதே காரணம் என்றும் உலகுக்கு எடுத்துக்காட்டினார். மெத்தென்ற நுண்துளை ரப்பரில், குதிகாலைப் பற்றிக்கொள்ளும் பின்வாரோடு அந்த நோயாளருக்கென்று செருப்புகள் தைக்கப்பட்டது இதனால்தான். உணர்ச்சியுள்ளவன் கொப்புளம் வந்ததும் கழற்றி வைத்துவிடுகிறான். நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவனோ, தளர்ந்த ஷூ தன் குதிகாலை அறுப்பதை அறியாமலே நடக்கிறான். நீரிழிவு இல்லாத தெருவே அரிதாகிவிட்ட இந்நாளில், தளர்ச்சியை அற்ப விஷயமென்று தள்ளுவது நியாயமாகாது.

ஒரு நம்பர் குறைத்து வாங்கும் யுக்திக்குக் கணக்கில் ஓர் ஆதாரம் உண்டென்பதை மறைக்க விரும்பவில்லை. நம் கடைகளில் வழங்கும் ஆங்கிலேய அளவில், ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். பாதத்தின் அகன்ற பகுதியைச் சுற்றி அளந்தால் ஏறக்குறைய கால் அங்குலம், சுமார் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆகவே ஒரு நம்பர் இறங்கினால் சுற்றளவு குறையத்தான் செய்கிறது. ஆனால் அந்த 6 மில்லிமீட்டரைப் பெறுவதற்காக நீளத்தில் 8.5 மில்லிமீட்டரை இழக்கிறோம். விரல் முனைக்கு அப்பால் ஒரு கைப்பெருவிரல் அகலமாவது இடம் இருக்க வேண்டுமென்ற விதி அத்தோடு போய்விடுகிறது. நகம் கறுக்கிறது, விரல் மடங்கியே பழகிவிடுகிறது. அது மட்டுமா? ஷூ மடங்க வேண்டிய இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் நடை சுகப்படும். நம்பரைக் குறைத்ததும் ஷூவின் மடிப்பு பின்னால் நகர்ந்து, பாதம் மடங்காத இடத்தில் ஷூ மடங்கத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1920-களில் சார்லஸ் பிரானாக் உருவாக்கிய உலோக அளவுகோல், மொத்த நீளத்தோடு குதியிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள நீளத்தையும், அகலத்தையும் தனித்தனியே அளந்தது இந்தக் காரணம்பற்றியே.

அட்டை போடுகிற பரிகாரம் பாதி வேலைதான் செய்கிறது. தடித்த உள்ளட்டை பாதம் முழுவதையும் மேலே தூக்குவதால், குதிகாலைப் பிடிக்க வேண்டிய பின்சுவர் அந்த அளவுக்குத் தாழ்ந்துபோய், முன்னிலும் சுலபமாகக் குதிகால் கழல்கிறது. அட்டையைப் பாதத்தின் அடியில் வைப்பதைவிட, லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கின் உட்புறத்தில் ஒரு கம்பளித் துண்டை ஒட்டினால், அது பாதத்தைப் பின்னோக்கி அமர்த்திப் பிடித்துக்கொள்ளும். தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரே இதைச் சிறிது நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார். லேஸ் இல்லாமல் காலை நுழைத்துப் போடும் ஷூ ஒடுங்கிய பாதத்துக்கு எந்நாளும் ஏற்றதல்ல. போகப் போகச் சரியாகும் என்பதற்கு நீண்ட மறுப்பு வேண்டாம்: தோல் நாளடைவில் விரிந்து கொடுக்கும், சுருங்கிக் கொடுக்காது. இறுகிய ஷூவை வாங்கியவருக்கு ஆறுதலாகச் சொல்லத்தக்க வார்த்தையைத் தளர்ந்த ஷூவை வாங்கியவரிடம் சொல்லி அனுப்புகிறோம்.

இனி, எல்லா வாதங்களுக்கும் தலையாயதாகச் சொல்லப்படும் வாதத்துக்கு வருகிறேன். "நம்மவர் பாதம் அகன்றது என்று விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்கள், ஒடுங்கிய பாதம் அயல்நாட்டாருக்கு உரியது" என்கிறார்கள். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, இந்தியரின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவில் அகன்றது என்று கண்டது மெய். பாரதத்தின் பெயரால் 'பா' என்று ஓர் அளவுமுறை வகுக்கப்பட்டதும் மெய். அந்த ஆய்வை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதன் மெய்யான போதனை என்ன? அகன்ற பாதமுடையவர்கள் அகலத்துக்கு இடம் தேடி, தேவைக்கு மிஞ்சிய நீளமுள்ள ஷூவை அணிந்து அவதிப்பட்டு வந்திருக்கிறார்கள் என்பதல்லவா? நீளம் ஒன்றையே பிரமாணமாக வைத்துக்கொண்டால் பாதத்துக்கு நியாயம் கிடைக்காது என்று அந்த ஆய்வு சொல்கிறது. ஒடுங்கிய பாதக்காரர் சொல்வதும் அதுவே. ஒரு லட்சம் பாதங்களின் சராசரி எந்த ஒரு பாதத்தின் அளவும் ஆகாது. சராசரி அகன்றிருப்பதனால் அதற்குக் கீழே உள்ளவர்கள் இல்லாமற் போய்விடுவதில்லை. மேலும், ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுக்கட்டைகள் எல்லாம் சராசரியை நோக்கி அகலும்போது, இதுவரை ஆங்கிலேய அளவில் ஒருவாறு ஒதுங்கியிருந்த ஒல்லிப் பாதத்தினர், இனி அந்த இடத்தையும் இழக்கக்கூடும். அகன்ற பாதத்துக்குச் செய்யும் உபகாரம் ஒடுங்கிய பாதத்துக்கு அபகாரமாக முடிய வேண்டிய அவசியமில்லை. ஒரே நீளத்தில் இரண்டு சுற்றளவு வைத்தால் இருவரும் பிழைப்பார்கள்.

அது வியாபாரத்துக்குக் கட்டாது, சரக்கு தேங்கும் என்பார் வணிகர். அமெரிக்காவில் ஆண்களுக்கு 'டி' சாதாரண அகலமென்றும் 'பி' ஒடுங்கியதென்றும், பெண்களுக்கு 'பி' சாதாரணம், 'டபிள் ஏ' ஒடுங்கியது என்றும் எழுத்திட்டு விற்று வருகிறார்கள். அத்தகைய வழக்கமுள்ள தேசங்களுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் எங்கள் ஊருக்கு எட்டாத தூரத்தில் இல்லை. தைக்கும் கைகளும் கட்டைகளும் நம்மிடமே இருக்கின்றன. எல்லா மாதிரியிலும் எல்லா நிறத்திலும் இரண்டு அகலம் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளையின் கறுப்பு ஷூ, நர்ஸின் ஷூ, காவலரின் ஷூ ஆகிய சீருடைக் காலணிகளில் மாத்திரம், புதிய அளவுமுறை கடைக்கு வரும்போதே, நீளத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் சுற்றளவுக்கு ஓர் எழுத்தையும் அச்சிடும்படி ஆராய்ச்சி நிலையத்தாரையும் அரசாங்கத்தையும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரையில், கடைக்குப் போகிறவர்கள் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் போய், இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வைத்துக் கோடு கிழித்து, அகன்ற பகுதியின் சுற்றளவையும் நூலால் அளந்து, அந்தக் காகிதத்தைக் கடைக்காரர் முன் வைத்துவிட்டுப் பிறகு நம்பரைப் பற்றிப் பேசட்டும்.