குளம் கட்டினால் மட்டும் போதுமா?



2022-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கச் சென்ற சிறுமியரும் இளம் பெண்களுமாக ஏழு பேர் நீரில் மூழ்கி உயிர் நீத்தனர். 2023 பிப்ரவரியில், விளையாட்டுப் போட்டிக்காக வந்திருந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவியர் நால்வர் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கி மாண்டனர். அவர்களும் நம்மைப் போன்ற பிள்ளைகள்தாமே! இச்செய்திகளை எங்கள் வகுப்பில் பேசியபோது, "நம்மில் நீந்தத் தெரிந்தவர்கள் யார்?" என்ற கேள்வி எழுந்தது. உயர்ந்த கைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பையன்களுக்குத் தோட்டத்துக் கிணறே பள்ளிக்கூடம். அண்ணனோ மாமாவோ இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கிவிட, ஒரு கோடை விடுமுறையில் நீந்தக் கற்றுவிடுகிறார்கள். நாங்கள் எட்டிப் பார்த்தாலே, "பொம்பளப் புள்ளைக்குக் கிணத்துல என்ன வேலை?" என்று பாட்டி அதட்டுகிறார். ஆகவே பொது நீச்சல்குளம் ஒன்று பூட்டப்பட்டால் பையன்கள் கிணற்றுக்குப் போவார்கள். நாங்களோ கற்காமலே நின்றுவிடுவோம்.

சென்ற ஆண்டு சுற்றுலா சென்றபோது ஓர் ஊரில் அப்படிப் பூட்டிய குளம் ஒன்றைக் கம்பி வேலி வழியே பார்த்தோம். ஓடுகள் பெயர்ந்து, தரையில் விரிசல் விட்டு, மூலையில் வேப்பிலைச் சருகு குவிந்து கிடந்தது. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருந்தது! கட்டுவதற்கு விழா எடுக்கும் நாம், காப்பதற்கு ஏன் ஆள் வைப்பதில்லை? சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்?

குளத்தைக் காப்பது பெரிய வித்தை அன்று. குளத்து நீரை மணல் வடிகட்டி வழியே நாள்தோறும் சுற்றிவிட வேண்டும். மணலில் அழுக்குச் சேர்ந்ததும் நீரைத் தலைகீழாகச் செலுத்திக் கழுவ வேண்டும். குளோரின் அளவையும் காரத்தன்மையையும் தவறாமல் சோதிக்க வேண்டும். அடித்தரை தெளிவாகத் தெரியாத குளத்தில் எவரையும் இறங்க விடலாகாது. மூழ்கியவரைக் காண முடியாமற் போகும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வாளியே போதும். வாளியில் நீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, இரண்டின் மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்த நீர். குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 3,125 லிட்டர் போயிற்று. பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் இருநூறு குடத்துக்கு மேல்!

"குடிக்கவே தண்ணீர் இல்லாத தருமபுரி மாவட்டத்தில் நீச்சல்குளம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குடிநீருக்குக் காத்திருந்து குடம் சுமப்பவர்களும் நாங்களே. அதனால் அதன் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் நன்கு பராமரிக்கும் குளம் அதே நீரைத் தூய்மை செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறது. நீரை வீணாக்குவது கவனிப்பாரற்ற குளம். ஆகவே அந்தக் கேள்விக்கு விடை, குளமே வேண்டாம் என்பதன்று. கசியாத குளம் வேண்டும் என்பதே.

செப்பனிட முடியாது என்பதும் சரியன்று. சென்னை மெரினா கடற்கரையில் உள்ள மாநகராட்சி நீச்சல்குளம் 2024-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. தலைநகரில் இயல்வது சிற்றூர்களில் இயலாதா? ஏரியையும் வாய்க்காலையும் ஊர்மக்களே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து நம் முன்னோர் வழக்கம் அல்லவா?

எனவே நாங்கள் வேண்டுவன இவை: குளம் கட்டும்போதே பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இல்லாமல் குளத்தைத் திறக்கக் கூடாது. பெண் பயிற்சியாளருடன் பெண்களுக்குத் தனி நேரம் தர வேண்டும். அன்றாடச் சோதனைக் கணக்கை வாயிலில் எழுதி வைக்க வேண்டும்.

எங்களுக்கும் கடமை உண்டு. குளித்த பின்பே குளத்தில் இறங்குவது, எச்சில் துப்பாதிருப்பது, உடைந்த ஓட்டைக் கண்டால் உடனே சொல்வது ஆகியவை எங்கள் பங்கு. பள்ளியில் சொட்டும் குழாயைப் பார்த்தும் பாராமல் போகிறவர்கள் ஊர்க்குளத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள். இந்தக் கட்டுரையை எழுதிய நாங்கள் அந்தக் குழாயிலிருந்தே தொடங்குகிறோம்.

நீச்சல் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு அன்று. அது உயிர் காக்கும் கல்வி. அந்தக் கல்வி எங்கள் தங்கையருக்காவது கிடைக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி