ஆகவில்லை என்பதற்கு அத்தாட்சி

ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று நிரூபிப்பது சுலபம். ஆல்பம் இருக்கிறது. மொய் நோட்டு இருக்கிறது. பந்தியில் தன்னைக் கவனிக்கவில்லை என்று இன்றுவரை முறைத்துக்கொண்டிருக்கும் பெரியப்பா இருக்கிறார். ஆனால் கல்யாணம் ஆகவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? நடக்காத ஒன்றுக்கு ஏது போட்டோ?

வெளிநாட்டில் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் நம்ம ஊர்ப் பையன்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான்.

நண்பர் ஒருவரின் மகன் ஜெர்மனியில் சாஃப்ட்வேரில் இருக்கிறான். கூட வேலை பார்க்கும் போலந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளத் தீர்மானம். இரண்டு வீட்டிலும் அழ வேண்டியவர்கள் அழுது முடித்து, சம்மதித்தும் விட்டார்கள். ‘அங்கிள், அப்பாவைச் சமாளிச்சது ஈஸி. பேப்பரைச் சமாளிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு’ என்றான் போனில். என்னதான் கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன்.

ஜெர்மனியில் சட்டப்படி செல்லுபடியாகும் கல்யாணம், அரசாங்கப் பதிவாளர் முன்னால் நடப்பது ஒன்றுதான். சர்ச், கோயில், தாலி, மேளம் எல்லாம் உங்கள் சந்தோஷத்துக்கு. வெளிநாட்டுக்காரர் என்றால் ‘இவர் கல்யாணம் செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லை’ என்று அவருடைய சொந்த நாட்டு அரசாங்கம் தரும் சான்றிதழ் வேண்டும். அவர்கள் கேட்கிற வடிவத்தில் நம் அரசாங்கம் அதைத் தருவதில்லை. அப்படியானால் அந்த வட்டாரத்து மேல்நீதிமன்றத்தின் தலைவரிடம் விலக்கு வாங்க வேண்டும். ஆமாம் சார், மாப்பிள்ளை ஆவதற்கு ஹைகோர்ட் வரை!

அதற்கும் காகிதம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ‘எனக்குக் கல்யாணம் ஆகவில்லை’ என்று ஓர் அஃபிடவிட், இத்யாதி. பல நாடுகளுக்கு இவற்றின் மேல் ‘அப்போஸ்டில்’ என்ற முத்திரை இருந்தால் போதும். அதற்கான சர்வதேச ஒப்பந்தம் 2005-ல் இந்தியாவுக்கு அமலுக்கு வந்தது. ஆனால் ஜெர்மனி அப்போதே ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. அதனால் அவர்களுடைய தூதரகம் இங்கேயே ஆள் வைத்து, காகிதம் நிஜமா, சொன்னதெல்லாம் சரியா என்று விசாரிக்கும். மாதக்கணக்கில் ஆகும். செலவு உங்களுடையது.

பெண் கொடுக்கும் முன் பையனின் ஊருக்குப் போய், டீக்கடையிலும் சலூனிலும் ‘பையன் எப்படி?’ என்று விசாரிப்பாரே தாய்மாமன், அதே வேலை. தாய்மாமன் காபியோடு முடித்துக்கொள்வார். இவர்கள் யூரோவில் வாங்குகிறார்கள்.

இந்த அலைச்சலுக்குப் பயந்து ஜெர்மனியிலிருந்து பல ஜோடிகள் பக்கத்து டென்மார்க்குக்குப் போய்விடுகிறார்கள். அங்கேயும் பேப்பர் கேட்பார்கள், ஆனால் குறைவாக. 2019 முதல் ஒரே அரசு அமைப்பு எல்லாவற்றையும் பரிசீலித்து அனுமதி தருகிறது. அந்த அனுமதி 4 மாதம் செல்லும். ஏரோ என்று ஒரு தீவு. ஜனத்தொகை சுமார் 6,000. வெளியூர் ஜோடிகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பதில் பேர் வாங்கிய தீவு. நமக்குத் திருநீர்மலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே நடந்த கல்யாணம் ஜெர்மனியிலும் செல்லும். நண்பரின் மகனும் இப்போது கப்பல் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஜப்பான் இன்னும் விசேஷம். மந்திரம் கிடையாது, உறுதிமொழி கிடையாது, ‘சம்மதமா?’ என்று கேட்பவர்கூடக் கிடையாது. ஒரு படிவம். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. அதை நகராட்சி ஆபீஸில் கொடுத்தால் கல்யாணம் முடிந்தது. ராத்திரியில் கொண்டுபோனாலும் வாங்கி வைக்க ஆள் உண்டு. மின்சார பில் கட்டுவதைவிடச் சுலபம். ஆனால் அங்கேயும் வெளிநாட்டுக்காரர் ‘கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்’ என்று அவர் நாட்டின் சான்று காட்டியாக வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பிகள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளவும். வொர்க் பர்மிட்டில் இருப்பவர் சிங்கப்பூர்ப் பிரஜையையோ, நிரந்தரவாசியையோ மணப்பதென்றால் மனிதவள அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். பெண் சரி என்று சொன்னால் மட்டும் போதாது. அமைச்சகமும் சரி என்று சொல்ல வேண்டும்.

எல்லா ஊரிலும் ஏன் இந்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்? ‘என்னைப் பார்த்தா பொய் சொல்றவன் மாதிரியா தெரியுது?’ என்று கோபம் வரத்தான் செய்யும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காகிதம் உங்களுக்காக இல்லை. அந்த அறைக்கு வராத ஒரு பெண்ணுக்காக. ஊரில் ஒருத்தியையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போய், அங்கே ‘நான் பிரம்மச்சாரி’ என்று இன்னொருத்தியிடம் மோதிரம் நீட்டுகிற ஆசாமிகள் இல்லாமல் இல்லை. ஊரில் இருப்பவளுக்கு அந்த நாட்டு பாஷை தெரியாது, விசா கிடையாது, அந்த ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் தெரியாது. அவள் சார்பில் அந்த மேஜைக்கு முன் நிற்பது அந்த ஒரு காகிதம்தான். ஏமாறப் போகிற இரண்டாமவளுக்கும் அதே காகிதம்தான் காவல். நல்ல பையன்கள் ஆறு மாதம் அலைவது, அந்த ஒரு கெட்ட பையனுக்கு வைத்த வேலியில் மாட்டிக்கொண்டதால்.

நம் சட்டமும் சும்மா இல்லை. முதல் கல்யாணம் இருக்கும்போது இரண்டாவது செய்துகொண்டால் ஏழு வருஷம் வரை உள்ளே இருக்கலாம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 494-வது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவு. வெளிநாட்டில் செய்தேன் என்பது சாக்கு ஆகாது.

நேர்வழியும் இருக்கிறது. 1969-ஆம் வருஷத்து அயல்நாட்டுத் திருமணச் சட்டம். ஜோடியில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்தால், அங்குள்ள நம் தூதரகத்தின் திருமண அதிகாரி முன்னாலேயே கல்யாணம் செய்துகொள்ளலாம். இருவரில் ஒருவர் அந்த வட்டாரத்தில் 30 நாளாவது இருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் போட்டு, ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் பார்ப்பார்கள். மூன்று சாட்சிகள் வேண்டும். அந்த நாட்டுச் சட்டப்படி ஏற்கெனவே செய்துகொண்ட கல்யாணத்தையும் இதே சட்டத்தில் பதிவு செய்ய வழி உண்டு.

போகிற தம்பிகளுக்கு இரண்டு யோசனை.

ஒன்று, தேதி. அங்கே ஒரு தேதியில் ரிஜிஸ்தர் செய்துவிட்டு, இங்கே வந்து கோயிலில் தாலி கட்டியதை வேறு தேதியில் இன்னொரு தடவை ரிஜிஸ்தர் செய்யாதீர்கள். ஒரே பெண்டாட்டிக்கு இரண்டு சர்டிபிகேட் இருந்தால், எது நிஜம் என்று விசா ஆபீஸர் கேட்பார்.

இரண்டு, இனிஷியல். படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். ‘நானும் உன் பேரையே வெச்சுக்கிறேன்’ என்று காதலி ஆசையாகச் சொல்லும்போது, உடனே தலையாட்டிவிடாதீர்கள். அவளுக்குக் கிடைக்கப்போவது உங்கள் பெயர் இல்லை. மாமனார் பெயர்!