மாறுகண் அதிர்ஷ்டம்தானா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "என் பையனுக்கு 4 வயசு. இடது கண் மூக்குப் பக்கமா ஒதுங்குது. 'மாறுகண் அதிர்ஷ்டம், வளர்ந்தா தானா சரியாயிடும்'னு மாமியார் சொல்றாங்க. காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம், சகோதரி. இந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கண் படத்தைத்தான் அனுப்புகிறது, பார்ப்பது மூளை. அப்படிப் பார்க்க அது பழகுவது பெரும்பாலும் முதல் 7, 8 வயதுக்குள். ஒரு கண் ஒதுங்கியிருந்தால் மூளைக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். தொல்லை வேண்டாமென்று அந்தக் கண்ணின் படத்தை அது தள்ளிவிடும். நாளடைவில் அந்தக் கண்ணின் பார்வையே மங்கிப்போகும். இதைத்தான் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள்.

ஹ்யூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதம் மூடிவைத்தார்கள். திறந்தபோது கண் நன்றாகவே இருந்தது; மூளைதான் அதை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைகளுக்கு இந்தக் கெடுதல் வரவில்லை. இந்த ஆராய்ச்சிக்காக 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அதற்காக, வயது தாண்டினால் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். பேராசிரியர் பவன் சின்ஹா நம் நாட்டில் தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே பார்வையிழந்த 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் நடந்தது. கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து உடனே சொல்ல அவர்களால் முடியவில்லை. சில நாளிலேயே கற்றுக்கொண்டார்கள். இது 2011-ல் வெளிவந்தது. ஆனாலும் முழுக் கூர்மை வருவது கஷ்டம். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன்.

சிலருக்குக் கண்ணாடியே போதும். சிலருக்கு நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் மூடிவைக்கச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பையன் அடம் பிடிப்பான். பட்டு நூலை நிறம் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கோலத்தில் புள்ளி எண்ணச் சொல்லுங்கள். மூடியிருப்பதே மறந்துவிடும்.

மற்ற தாய்மாருக்கும் ஒரு வார்த்தை: 4 மாதத்துக்குப் பிறகும் குழந்தையின் கண் ஒதுங்கினால் காட்டுங்கள். கண்மணியில் வெள்ளை தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். சென்னை எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது.

மாமியாரோடு வாதம் வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார்.