திரைக்குள் ஒரு தோப்பு

காணொளி விளையாட்டு நகரத்துப் பிள்ளைகளின் பழக்கம் என்றும், கிராமத்தில் வளர்ந்தவர்கள் அதன் பக்கம் போகமாட்டார்கள் என்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வயலும் வாய்க்காலும் இருக்கும்போது திரை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இந்த எண்ணம் சரிதானா என்று அறிய விரும்புபவர்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் துவாஸ் பக்கம் ஒருமுறை போய்வரலாம்.

துவாஸ் லிங்க் பெருவிரைவு ரயில் நிலையம் 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ரயில் பாதையின் கடைசி நிலையம் அதுதான். அந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளும் நிறைந்திருக்கின்றன. விடுதிகளில் தங்கியிருப்பவர்களில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்களும் பலர். விடுமுறை நாளில் சிலர் தேக்காவுக்குப் போய்விடுவார்கள். போகாதவர்களில் நான்கைந்து பேர் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, திறன்பேசியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, "டேய், பின்னால வர்றான் பாரு!" என்று கத்துவதைக் கேட்கலாம்.

அவர்கள் ஆடுவது பெரும்பாலும் 'ஃபிரீ ஃபயர்' போன்ற விளையாட்டுதான். ஏறத்தாழ ஐம்பது பேர் வான்குடையில் ஒரு தீவில் இறங்குவார்கள். மறைந்தும் ஓடியும் தப்பியும் கடைசிவரை நிற்பவருக்கே வெற்றி. 2017இல் இதை வெளியிட்ட 'கரீனா' நிறுவனத்தின் தலைமையகம் நம் சிங்கப்பூரில்தான் உள்ளது. விலை குறைந்த திறன்பேசியிலும் ஓடும்படி செய்யப்பட்டதால், இது கிராமங்கள்வரை எளிதாகச் சென்று சேர்ந்தது. 2022இல் இந்திய அரசு இதற்குத் தடை விதித்தது. சுடும் விளையாட்டு என்பதால் எனக்கு இதன்மீது விருப்பமில்லை. ஆனால், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் என்னிடம் சொன்ன விளக்கம் என்னை யோசிக்க வைத்தது. "ஊர்ல முந்திரித் தோப்புல கள்ளன் போலீஸ் ஆடுவோம்க்கா. எந்த மரத்துக்குக் கீழே போனா கண்ணுக்குத் தெரியமாட்டோம்னு எனக்குத் தெரியும். இதுலயும் அதேதான்."

அவருடைய கிராமத்து இளமையும் காணொளி விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தோப்பில் கற்றதைத்தான் அவர் திரையில் தேடுகிறார். இந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் சிலரின் வாழ்க்கையைப் பார்த்தாலும் இதே செய்தி கிடைக்கிறது.

'மாரியோ' விளையாட்டைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ 1952இல் ஜப்பானின் கியோட்டோவுக்கு அருகிலுள்ள சொனோபே என்ற சிற்றூரில் பிறந்தவர். மலையும் ஆறும் வயலும் சூழ்ந்த ஊர் அது. சிறுவனாக இருந்தபோது அவர் காட்டில் தனியாகச் சுற்றித் திரிந்தார். ஒருநாள் ஒரு குகையின் வாயைக் கண்டார். உள்ளே போக முதலில் துணிவு வரவில்லை. பிறகு கையில் விளக்குடன் வந்து உள்ளே நுழைந்தார். 1986இல் அவர் உருவாக்கிய 'தி லெஜன்ட் ஆஃப் செல்டா' விளையாட்டின் தொடக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆடுபவர் ஒரு வெட்டவெளியில் தனியாக நிற்பார். எங்கே போகவேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அருகில் ஒரு குகை வாயில் மட்டும் கறுப்பாகத் தெரியும். (மாரியோ விளையாட்டில் சங்கிலியில் கட்டப்பட்டுப் பாய்ந்து பாய்ந்து வரும் உருண்டை ஒன்று இருக்கிறதே, அது அவரைச் சிறுவயதில் மிரட்டிய ஒரு நாயின் நினைவில் பிறந்ததாம்!)

இன்னொருவர் சத்தோஷி தஜிரி. 1965இல் பிறந்த இவர் தோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தார். அப்போது அங்கே வயல்களும் குளங்களும் காடும் மிச்சமிருந்தன. வண்டு பிடிப்பதில் அவருக்கு இருந்த ஆர்வத்தைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் அவரைப் 'பூச்சி டாக்டர்' என்றே அழைத்தார்கள். வண்டு எந்த நேரத்தில், எந்த மரத்தில், எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பின்னர் நகரம் பெருகியது. குளங்கள் தூர்க்கப்பட்டன, வயல்களில் கட்டடங்கள் எழுந்தன, பூச்சிகள் மறைந்தன. தாம் அனுபவித்த அந்தத் தேடலும் பிடித்தலும் நகரத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து போவதுபோல் அவருக்குத் தோன்றியதாம். அதிலிருந்து வளர்ந்து 1996இல் வெளிவந்ததுதான் 'போக்கிமான்'.

தஜிரியின் கதை நமக்குப் புதியதன்று. துவாஸும் ஒரு காலத்தில் மீனவர் வாழ்ந்த கம்பம்தான். மரக்கிளைகளைக் கடலில் கட்டி, அவற்றின் நிழலுக்கு வரும் மீன்களை வலையால் பிடிக்கும் முறையை மலாய் மொழியில் 'மெனுவாஸ்' என்பார்கள். அதிலிருந்துதான் துவாஸ் என்ற பெயரே வந்தது. இன்று அதே கரையோரத்தில் கடல் தூர்க்கப்பட்டு, 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட மாபெரும் துறைமுகம் இருக்கிறது. ஓட்டுநர் இல்லாத வாகனங்கள் அங்கே கொள்கலன்களைச் சுமந்து செல்கின்றன. சிங்கப்பூரின் கம்பத்துப் பிள்ளைகள் இலைகளுக்கு இடையே சிலந்தி தேடிப் பிடித்து, தீப்பெட்டியில் வளர்த்து, சண்டைக்கு விட்டார்கள். நீரோடைகளில் மீன் பிடித்தார்கள். கண்ணாடித்தூள் பூசிய நூலில் பட்டம் விட்டார்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் இன்னும் நிறையச் சொல்வார்கள். அந்தக் கம்பங்கள் போய்விட்டன. நல்ல வீடும் தூய்மையான குடிநீரும் கிடைத்ததால் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், பிள்ளைகள் பெரியவர்களின் கண்ணில் படாமல் திரிந்த இடங்களும் அவற்றோடு போய்விட்டன.

2016 ஆகஸ்ட் மாதம் 'போக்கிமான் கோ' சிங்கப்பூருக்கு வந்தபோது நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஹவ்காங்கில் ஒரு வீவக வட்டாரத்தில் இரவில்கூடக் கூட்டம் அலைமோதியது. பிள்ளைகள் மட்டுமா வந்தார்கள்? அப்பாக்களும் அலுவலக உடையில் நின்றார்கள்! பலர் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வண்டு பிடித்துத் திரிந்த ஒரு சிறுவனின் ஆசை, முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து அவர்களை வீட்டைவிட்டு வெளியே அழைத்து வந்திருந்தது.

அப்படியானால் தோப்புக்குப் பதில் திரை போதுமா? போதாது என்பதே என் கருத்து. கண்ணுக்குக் கெடுதி, நேரம் வீண் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை நான் மறுக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கிராமத்து விளையாட்டில் விதிகளை வகுப்பவர்கள் ஆடுபவர்களே. கிட்டிப்புள்ளில் எத்தனை முறை தவறினால் ஆட்டம் இழக்கவேண்டும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஆள் குறைந்தால் ஒருவரே இரண்டு பக்கமும் ஆடுவார். சின்னத் தம்பி ஒருவன் அழுதுகொண்டு வந்தால் அவனை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வார்கள்; அவன் ஆடலாம், ஆனால் ஆட்டம் இழக்கமாட்டான். இந்தப் பேச்சும் சண்டையும் சமாதானமும் விளையாட்டின் பாதி. திரையில் விதிகள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன. அழுகிற தம்பிக்காக ஆட்டத்தை மாற்ற அங்கே எளிதில் வழி கிடைக்காது. மியாமோட்டோவும் தஜிரியும் தங்கள் குகையையும் வண்டையும் நமக்குக் கொடுத்தார்கள். ஆனால், நாம் ஆடுவது அவர்கள் வகுத்த காட்டில்தான்.

7 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகள், பள்ளி வேலையைத் தவிர்த்து, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே திரையைப் பார்க்கவேண்டும் என்று நமது சுகாதார அமைச்சு ஆலோசனை கூறுகிறது. நல்ல ஆலோசனைதான். ஆனால், திறன்பேசியை வாங்கி வைத்துவிட்ட பிறகு அந்தப் பிள்ளை எங்கே போகும்? புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக்கூடாது என்ற பலகை தொங்குகிறது. மரத்தில் ஏறினால் யாராவது அதட்டுவார்கள். மாலையில் துணைப்பாட வகுப்பு வேறு. பிள்ளைகளின் திரை நேரத்தைக் குறைக்கச் சொல்லும் பெரியவர்கள், வீட்டுக்குக் கீழே எழும் கூச்சலையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும். வட்டாரத்துக்கு ஓர் இடத்திலாவது அந்தப் பலகையைக் கழற்றலாம் என்பது என் கருத்து. பந்து எங்கே விழுந்தால் ஆட்டம் இழப்பு என்பதை அங்கே வரும் பிள்ளைகளே பேசி முடிவு செய்துகொள்வார்கள்.